பூனைக்கு வேண்டாத டெஸ்ட்

முதலில் வந்தது தீக்குச்சி வாசனைதான்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டில், டைல்ஸ் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே புதிதாகத் திறந்த செல்லப்பிராணி மருத்துவமனை. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற வாங்கிவைத்திருந்த லைட்டர் மக்கர் செய்தது. தீப்பெட்டிக்குப் பேர்போன சீமையில் ஒரு தீப்பெட்டிக்கு அலைந்தது கோட்டும் டையும் மாட்டிய கூட்டம். பரோட்டா கடைக்கு ஆள் ஓடி வாங்கி வந்தார். உரசினால் ஏசிக் காற்று அணைத்துவிடும். மறுபடி உரசல், மறுபடி அணைவு. விளக்கு எரிவதற்குள் அந்தக் கந்தக நெடி மூக்கின் வேரில் போய்க் குத்தி நின்றுவிட்டது.

மற்றவர்களுக்கு அது விளக்கு வாசனை. எனக்கு அது ஒரு பூனையின் வாசனை.

வரவேற்பு மேஜையில் பளபளவென்று ஓர் அட்டை. சில்வர், கோல்டு, பிளாட்டினம். நகைக்கடைச் சீட்டு என்று நினைத்துக் கையில் எடுத்தேன். பூனைக்கான வயிற்றுப் பரிசோதனைத் தொகுப்புகளாம். வாந்தி மட்டும் என்றால் சில்வர். வாந்தியோடு பேதியும் என்றால் கோல்டு. பூனை ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், வருமுன் காக்க பிளாட்டினம். பக்கத்துச் சோபாவில் பஞ்சுப்பொதி போல ஒரு பெர்சியப் பூனை. அது ஏப்பம் விட்டதைக்கூட அதன் சொந்தக்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையை நடத்தும் டாக்டர் ஆனந்தராஜ் எங்கள் துறையில் எனக்குப் பின்னால் வந்தவர். நல்ல பையன், நல்ல கை. மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"சார், ரெண்டு வார்த்தை. உங்க காலத்துல எப்படி வைத்தியம் பாத்தீங்கன்னு ஜூனியர்ஸ் கேட்கணும்னு ஆசைப்படுதாங்க."

உங்க காலத்துல! ஐம்பத்து மூன்று வயது எனக்கு. ஓய்வுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், பல்லெல்லாம் என்னுடையது. ஆளை நிற்கவைத்தே சமாதி கட்டும் பேச்சு. "நல்லா இருங்க, நல்லா பாருங்க" என்று இரண்டு வார்த்தைக்குப் பதில் நான்கு வார்த்தை சொல்லிவிட்டு, கொடுத்த பால்கோவாவைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாத மிச்ச வார்த்தைகள் இவை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெட்ராஸில் ஐந்து வருடம் மாட்டை அறுத்தும் தைத்தும் படித்தோம். பூனைக்கு ஒரு மதியம் ஒதுக்கினார்கள், அன்று மழை. முதல் வேலை ஸ்ரீவைகுண்டத்தில். வயல்காட்டு எருமைகளுக்குள் தோள் வரை கையை விட்டே சில வருடங்கள் ஓடின. பிறகு தூத்துக்குடி. உப்பும் நிலக்கரித் தூளும் கலந்த காற்று. நோயாளிகளும் மாறினார்கள்: சினிமா போஸ்டர் தின்ற ஆடு, துறைமுக ரோட்டில் லாரி தட்டிய நாய், மீனவர் தெருப் பூனை. எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தனித்தனி இடம் உண்டு. பூனை "மற்றவை". கிளியும் பூனையும் அங்கே ஒரே வீட்டில் குடியிருந்தன. சர்க்காரால் மட்டுமே செய்ய முடிந்த சமாதானம்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் பிளாரன்ஸ் மேடம். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பெண். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பின்னுக்கு இழுத்துக் கட்டிய கொண்டை, வேதபாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேச்சு. எங்கள் எல்லோரையும் "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் மரியாதை உண்டா என்று நாங்கள் வருடக்கணக்கில் தேடினோம். கிடைக்கவில்லை. பூனை அவருக்கு ஆகாது. ரோமம் பட்டால் தும்மல். ஒரு கையில் கைக்குட்டை, மறுகையில் பூனை, தும்மிக்கொண்டே பார்ப்பார். ஆனால் அவர் பார்த்ததைப் போல ஒரு பூனையை யாரும் பார்த்ததில்லை.

கொண்டுவந்தவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு இரண்டு கேள்வி: "உள்ள போனது என்ன? வெளிய வந்தது என்ன?" அப்புறம் பூனையைத் தரையில் விட்டு, அது நடப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். அப்புறம்தான் தொடுவார். முதலில் வாய். தாடைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மேல்நோக்கி அழுத்துவார். நாக்கு தானாக எழும்பி அடிப்பக்கத்தைக் காட்டிவிடும். எங்கள் ஊர்ப் பூனைக்கு இது முக்கியம். மீன் வாசம் ஏறிய தூண்டில் நரம்பை விழுங்கிவிடும். நரம்பின் ஒரு முனை நாக்கடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்க் குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துவைத்திருக்கும். அடுத்து வயிறு. ஈரத்துணி மூட்டைக்குள் தொலைந்த பொத்தானைத் தேடுவது போல விரல்கள் போகும். அதன்பிறகு, வெளியே வந்ததில் கடுகளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எங்கள் முறை. என்ன டெஸ்ட் வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னதும் விழும் அந்தக் கேள்வி:

"முடிவு ஆமான்னு வந்தா உம்ம கை என்ன செய்யும் மிஸ்டர்? இல்லைன்னு வந்தா என்ன செய்யும்? ரெண்டுக்கும் ஒண்ணையேதான் செய்வீருன்னா, அந்த வாயில்லா ஜீவன எதுக்குக் குத்துதீரு?"

ஒருமுறை துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் ஒருவர் வாந்தி எடுக்கும் பூனையோடு வந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன்.

"எல்லா டெஸ்ட்டும் எடுத்துருங்க மேடம். நான் கன்டெய்னரையே ஸ்கேன் பண்ணிப் பாக்குற ஆளு."

"கன்டெய்னருக்கு வாய் கிடையாது மிஸ்டர். இதுக்கு இருக்கு" என்று சொல்லி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அடியில் மஞ்சள் நரம்பு, சதையை அறுத்து உட்கார்ந்திருந்தது.

ஏஜென்டுக்கு மனசு ஆறவில்லை. "ஸ்கேன்லயும் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரிஞ்சிருக்கும். நாளைக்கு."

அன்றைக்கே அறுத்து எடுத்தோம்.

இதை வைத்துக்கொண்டு, பழைய ஆள் மிஷினைப் பழிக்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்த விரலுக்கும் எட்டாத கட்டியை ஸ்கேன் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ரத்தம் சொன்னதால் பிழைத்த பூனைகள் உண்டு. என் ஏளனம் மிஷின் மேல் இல்லை, அட்டை மேல். பூனையைப் பார்ப்பதற்கு முன்பே அச்சடித்து வைத்த அந்த அட்டை மேல். அதே அளவு ஏளனம் எங்கள் பழைய ஆட்கள் மேலும் உண்டு. மேடத்தின் கேள்வியைத் தலையணையாக்கித் தூங்கியவர்கள் அவர்கள். "கை மாறாதுப்பா, எதுக்கு டெஸ்ட்டு" என்று சொல்லி, வாயையும் திறக்காமல், வயிற்றையும் தொடாமல், வந்த பூனைக்கெல்லாம் ஒரே ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். ஒருவன் கேட்காமலே எல்லா டெஸ்ட்டும் எடுக்கிறான், இன்னொருவன் கேட்டாலும் ஒன்றும் எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் பூனையைப் பார்க்க நேரமில்லை.

இனி அந்தப் பூனைக்கு வருகிறேன்.

கச்சான் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த ஒரு காலை. ஆஸ்பத்திரி வாசலில் பூவரச இலையெல்லாம் மணலோடு பறந்தது. மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசம்மாள் என்ற பெண் உள்ளே வந்தாள். திரேஸ்புரத்துக்காரி. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் றால் உரிக்கும் வேலை. பெட்டிக்குள் வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு கடுவன் பூனை. எலும்பு தெரிந்தது. வாயோரம் கோழை வடிந்தது.

"பேரு துரை, சார். ரெண்டு வாரமா கக்கிட்டுக் கெடக்கான். இப்ப தின்னவும் மாட்டேங்கான். விஷம் சார். விஷ டெஸ்ட் எடுங்க. எடுத்து எழுதிக் குடுங்க, ஸ்டேஷனுக்குப் போணும்."

"விஷம்னு எப்படித் தெரியும்?"

"முன்ன ரெண்டு பூன இப்படித்தான் செத்துச்சு. இவன் மூணாவது."

"யாரு வச்சா?"

மோவாயால் வெளியே காட்டினாள். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண் நின்றிருந்தாள். காற்றில் முந்தானை படபடத்தது.

"அந்தா நிக்காளே, என் நாத்தனா செலினு. செத்துட்டானான்னு பாக்க வந்திருக்கா."

கேட்டிலிருந்து குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. "எடுங்க சார் டெஸ்ட்ட! அவளுக்கு முன்ன எனக்குத்தான் வேணும் அது! எம் பேரு வெளுக்கணும்!"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி வெட்டி எடுத்தால் கிடைத்த கதை இது. ரோசம்மாள் புருஷனின் தங்கை செலின். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. செலின் மாடியில் கருவாடு காயப்போடுவாள். பூனை தூக்கிக்கொண்டு ஓடும். ஒருநாள் ஆத்திரத்தில், "மருந்து வச்சுக் கொன்னாத்தாம்ளா இந்தத் தெரு விடியும்" என்று தெரு கேட்கக் கத்தியிருக்கிறாள். கொஞ்ச நாளில் முதல் பூனை செத்தது. அப்புறம் அடுத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது செலின் மகளுக்குக் கல்யாணம் வருகிறது. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். தாய்மாமன் ரோசம்மாளின் புருஷன்தான்.

"தாய்மாமன் போவ மாட்டாரு. சீரு ஒண்ணும் போவாது" என்றாள் ரோசம்மாள். "இவன் செத்தான்னா, கல்யாணப் பந்தலுக்குப் போலீஸ்தான் போவும்."

"பாத்தீங்களா சார்? பூனைக்காக எம் பிள்ள கல்யாணத்த நாறடிக்கப் போறாளாம். டெஸ்ட்ட எடுங்க!"

ஒருத்திக்குக் குற்றம் நிரூபிக்க வேண்டும். இன்னொருத்திக்குக் குற்றமில்லை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டெஸ்ட். கோரிக்கையே வைக்காதவன் துரை மட்டும்தான்.

வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கினேன். நரம்பு இல்லை, புண் இல்லை. வயிறு காலி, முடிச்சு எதுவும் தட்டவில்லை. காய்ச்சல் இல்லை. தகட்டில் நாலைந்து புழு முட்டை. அதற்கெல்லாம் இந்தக் கோலம் வராது. தோலைத் தூக்கிவிட்டால் இறங்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. வெளியே இரண்டு பேரும் வாய்ச்சண்டையில் காற்றோடு போட்டி போட்டுக்கொண்டிருக்க, நான் டெஸ்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு மேடம் வந்தார். கைக்குட்டை ஏற்கனவே மூக்கில்.

"என்ன மிஸ்டர், கல்யாணச் சாமான் வாங்கப் போறீரா? இவ்வளவு நீளமா எழுதுதீரு?"

"சிறுநீரகத்துக்கு ரத்தம் மேடம்."

"கெட்டிருந்தா என்ன செய்வீரு?"

"சலைன் ஏத்துவேன்."

"கெடலைன்னா?"

"தண்ணி வத்திக் கெடக்கு. அப்பவும் சலைன்தான்."

"அப்போ ஏத்தும். ஏத்துறதுக்கு முன்ன ரத்தத்த மட்டும் எடுத்து வையும். அனுப்புறத பொறவு யோசிப்போம். அடுத்து?"

"எக்ஸ்ரே. முள்ளோ கல்லோ அடைச்சிருந்தா அறுக்கணும்."

"அது கை மாறுற டெஸ்ட். எடும்."

எடுத்தோம். அடைப்பு எதுவும் இல்லை.

"அடுத்து?"

"விஷப் பரிசோதனை மேடம். வாந்தியை சீல் வச்சு, போலீஸ் கடிதத்தோட லேபுக்கு..."

"முடிவு எப்ப வரும்?"

"மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் இந்தப் பூனை சர்க்கார் தபாலுக்குக் காத்துக்கிட்டு இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம கை மாறாது மேடம், சரி. ரெண்டு வீடு மாறும்லா? அது கணக்கில்லையா?"

அவர் தும்மினார். "வீட்டுக்கு வைத்தியம் பாக்க எனக்கு லைசன்ஸ் இல்ல மிஸ்டர்."

அந்த வறட்டுப் பதிலுக்காக அவரை அன்று வெறுத்தேன். இன்றும் அது முழுப் பதில் இல்லை என்றே சொல்வேன். வைத்தியன் கை ஒன்றுதான் உலகத்தில் கையா? ஒரு முடிவு வந்தால் கட்டிப்பிடிக்கும் கை உண்டு, கழுத்தைப் பிடிக்கும் கையும் உண்டு. அதையெல்லாம் கஞ்சி போட்ட சேலை ஒதுக்கித் தள்ளியது.

மேடம் பூனையைத் தரையில் விடச் சொன்னார். விட்டேன். இரண்டு எட்டு வைத்தது. முன்னங்கால்கள் அகன்று போயின. பிறகு, யாரோ பிடரியில் பாரம் ஏற்றியது போல, தலை மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்து தாழ்ந்து மோவாய் நெஞ்சில் முட்டியது. விழுந்த கம்மலைத் தேடும் பெண்ணைப் போல அப்படியே நின்றான் துரை. கண்ணில் டார்ச் அடித்தேன். கருமணி விரிந்தது விரிந்தபடி நின்றது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை.

வயிற்று நோய் தலையைக் குனியவைக்காது. இது வயிற்றில் தொடங்கி மூளைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மேடத்தின் தும்மல் நின்றுவிட்டது. வெளியே பார்த்து ஒரே ஒரு அதட்டல். இரண்டு வாயும் மூடின. ரோசம்மாளை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உள்ள போனது என்ன?"

ரோசம்மாளுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னம்மா அப்படிக் கேக்கீங்க? இவன் தின்னத பெரிய பெரிய வீட்டுப் பிள்ள தின்னிருக்காது. றால் தல. எக்ஸ்போர்ட் சரக்கு! உரிச்சு முடிச்சதும் நானே பொறுக்கி அள்ளிட்டு வந்து அவிச்சுப் போடுதேன். சாளை, காரல்னு கண்ட மீனயும் தொடமாட்டான். பேருக்கேத்த துரைலா."

"றாலத் தவிர?"

"வேற எதுக்கும்மா? தெனமும் அதான். முன்ன இருந்ததுகளுக்கும் அதான். ஒரு நாள் கொற வச்சதில்ல." பையை மடிக்கு இழுத்தாள். "இங்கன வச்சாவது தின்பானான்னு இன்னைக்கும் கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

தீக்குச்சி உரசிய வாசனை.

கடல் வாசனைக்கும் அவியல் வாசனைக்கும் அடியில், மெல்லிசாக, மூக்கின் வேரில் ஊசி போல.

"கந்தகம் மாதிரி அடிக்குதே?" என்றேன்.

"அது மெட்டா பொடி சார். றால் கறுத்துரக் கூடாதுல்லா. ஷெட்டுக்கு வந்ததும் மெட்டா தண்ணியில முக்கி எடுத்துருவோம். கப்பல் ஏறுற சரக்கு. கறுத்தா திருப்பி விட்டுருவான். அவிச்சாலும் இந்த வாசம் கொஞ்சம் நிக்கும். எனக்கு இப்பல்லாம் தெரியறதே இல்ல."

நான் துள்ளிவிட்டேன். "கெமிக்கல்! மேடம், அப்போ விஷந்தான்!"

மேடம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை, எருமை உதைத்த தழும்பைப் போல இன்னும் வைத்திருக்கிறேன்.

"விஷம் இல்ல மிஸ்டர். அந்தப் பொடி றாலுக்கு நெறத்தக் காப்பாத்தும், ஆனா அதுல உள்ள பி-ஒன் சத்த அழிச்சிரும். மனுசன் தட்டுல றால் ஒரு ஓரத்துல கெடக்கும். மிச்சச் சத்து வேற சோத்துல வந்துரும். இவனுக்கு அந்த ஓரமேதான் முழுத் தட்டு. அந்தச் சத்து இல்லாட்டி மொதல்ல சோறு வேண்டாம்னு வரும், பொறவு வாந்தி, பொறவு தலை இப்படிக் குனியும், பொறவு இழுப்பு. தட்டு நெறையத் தின்னுக்கிட்டே பட்டினி கெடந்திருக்கான் உம்ம துரை."

"இதுக்கு என்ன டெஸ்ட் மேடம்?"

"அந்தா, அலமாரியில இருக்கு."

விட்டமின் ஊசி மருந்து. தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது.

"இதான் டெஸ்ட். போடும். எழும்பினான்னா ஆமா. எழும்பலைன்னா, நீரு எழுதி வச்ச அத்தனையையும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். ரத்தத்தப் பத்திரமா வையும்."

அவருடைய திமிரை எவ்வளவு ஏசினாலும், இந்த ஒரு வாக்கியத்துக்காக எழுந்து நிற்பேன். தான் தவறாக இருக்கவும் ஓர் இடம் விட்டுவைத்து, அந்த இடத்துக்கான ரத்தத்தையும் ஐஸ்பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் உறுதியாகப் பேசினார். அந்த அட்டையில் சில்வரிலும் பிளாட்டினத்திலும் நான் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் இடம் அச்சாகவில்லை.

துரையை எங்களோடு வைத்துக்கொண்டோம். சலைன் ஏறியது. சாயங்காலம் இன்னொரு ஊசி போட்டோம்.

மறுநாள் காலை நான் போனபோது கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து. டார்ச் அடித்தேன், கருமணி சோம்பலாகச் சுருங்கியது. வாட்ச்மேன் தன் சோற்றிலிருந்து வைத்த ஒரு துண்டு மீனின் முள் மட்டும் மிச்சமிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஓர் ஏளனம். என் ஏளனமெல்லாம் அதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும்.

இரண்டு பெண்களும் வந்தார்கள். ரோசம்மாள் முன்னால், பத்தடி தள்ளிச் செலின். கூண்டைக் கண்டதும் ரோசம்மாள், "ஏலே துரை, எஞ் செல்லமே" என்று கம்பிக்குள் விரலை விட்டு அழுதாள். செலின் வெற்றிக்குத் தயாராக வந்திருந்தாள். முகத்தில் தெரிந்தது. பாதித் தெருவையும் கூட்டி வராததுதான் பாக்கி.

"இனி றால் தல போடக் கூடாது" என்றார் மேடம். "மெட்டா படாத மீனு போடணும். ஊசி இன்னும் கொஞ்ச நாள் போடணும். பொழைச்சுக்குவான்."

"அப்போ விஷம்?"

"யாரும் வைக்கல."

"கேட்டீங்களா!" என்றாள் செலின். "கேட்டீங்களா எல்லாரும்! நாத்தனா கொலைகாரின்னு கோயில் வாசல்ல நின்னு சொன்னாளே, இப்ப சொல்லச் சொல்லுங்க!"

ரோசம்மாள் அதைக் கேட்கவில்லை. மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, முன்ன செத்துப்போன ரெண்டும்?"

கறவை மாடு செத்தால் சொந்தக்காரன் முகத்துக்கு நேரே, "முடிஞ்சுது, குழி வெட்டு" என்று சொல்லும் மேடம், அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரோசம்மாள் தன் கையைப் பார்த்தாள். ஐஸிலும் மெட்டா தண்ணியிலும் ஊறி விரல்நுனி வெளுத்துப் போன கை. றால் கொம்பு கீறிய கோடுகள் உள்ளங்கை ரேகையைவிட அதிகம். மெல்ல அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அப்புறம் இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

செலின் வாயில் இன்னும் மிச்சம் இருந்தது. எவ்வளவோ நாளாகச் சேர்த்து வைத்தது. அந்த வாய் பாதி திறந்து நின்றதைப் பார்த்தேன். அது மூடியதையும் பார்த்தேன். பத்தடியைக் கடந்து வந்து ரோசம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"பொடியப் போடச் சொன்னது நீங்களா மைனி? வெளிநாட்டுக்காரனுக்கு றால் கறுத்தா எறங்காதாம். அவனுக்கு வெள்ளையா வேணும்னு நம்ம பூன செத்துச்சு. அம்புட்டுத்தான்."

நம்ம பூன! கருவாடு திருடிய பூனைகள் இரண்டும், செத்த பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கும் சொந்தமாயின.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு தும்மல் வந்தது. "அந்த ரத்தத்தக் கொட்டிரும் மிஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தனக்கு லைசன்ஸ் இல்லாத வைத்தியம் நடக்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை.

ஆனந்தராஜிடம் அந்தத் திறப்பு விழாவில் கேட்டேன்: "இந்த அட்டை எதுக்கு தம்பி?" சங்கடமாகச் சிரித்தார். "டெஸ்ட் எடுக்கலைன்னா ஓனருங்க நம்ப மாட்டாங்க சார்." பொய் சொல்லவில்லை. ரோசம்மாளும் நம்பியிருக்க மாட்டாள், செலினும்தான். டெஸ்ட்டில் பாதி பூனைக்காக எடுப்பதல்ல. பயத்துக்காக, பழிக்காக, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்காக. அதை அப்படியே அச்சடித்து விற்கலாமே: பயத்துக்கு சில்வர், பழிக்கு கோல்டு. பூனைக்கு மட்டும் பழைய கேள்வியை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே போனது என்ன?

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ரோசம்மாள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உள்ளேயிருந்து துரை காற்றை மோந்தான். கேட் வரை நான் கூடப் போனேன். செலின் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கச்சான் கொஞ்சம் அடங்கியிருந்தது. ரோசம்மாள் நின்றாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல், ரோட்டில் போகிற உப்பு லாரியைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏளா செலினு."

"என்ன மைனி?"

"உங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"சாளை. ஏன், அவந்தான் சாளையத் தொடமாட்டானே?"

"தொடுவான். நீயே வையி, உங் கையால."